ஓரக் குறிப்புக்கு ஒரு கட்டம்

1981 ஜூன் 4: 12 மாதிரிகள்.
1981 ஜூன் 5: 9 மாதிரிகள்.
1981 ஜூன் 8: 15 மாதிரிகள்.
மொத்தம் 36.

இப்படி முப்பத்தொரு நோட்டுகள். பாலிமர் ஆய்வகத்தில் பதிவெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு மாதிரியும் எத்தனை டிகிரியில் உருகியது என்று எழுதி வைத்திருந்தார். எந்த நாட்டு ஆய்வகமும் எடுத்துப் பார்க்கும்படி, அவற்றைப் பொதுவான ஒரே வடிவத்தில் இலவச மென்பொருளில் ஏற்ற மகள் உட்கார்ந்தாள்.

"‘தெர்மாமீட்டர் ரெண்டு டிகிரி கூடக் காட்டும்’னு ஓரத்துல எழுதியிருக்கீங்களே, அதுக்கு இதுல கட்டமே இல்லப்பா. ரெண்டைக் கழிச்சுப் போட்டுடவா?"

"கண்ணால பார்த்ததைத்தாம்மா எழுதினேன். அதுல கை வைக்காதே. குறிப்பு போகலைன்னா நோட்டும் போகாது."

"இவருக்காக உலகமே கட்டம் போடுமாக்கும்!" என்று மனைவி சிரித்தாள்.

அவர் விடவில்லை. மென்பொருள் குழுவுக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். முதல் இரண்டுக்கும் நன்றி மட்டும் வந்தது. மூன்றாவதற்கு வந்த பதிலை மகள் வாசித்தாள்: "அளந்த கருவியைப் பற்றிய குறிப்புக்குப் புதிய கட்டம் சேர்த்துவிட்டோம். நோட்டுகளுக்காகக் காத்திருக்கிறோம்."

மனைவி இப்போது சிரிக்கவில்லை. அவரே ஒருமுறை படிக்கட்டும் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

அந்தப் பதில் வந்த நாள்: 2023 அக்டோபர் 17.