திரும்பிப் பார்க்காதவன்

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் சொன்ன கிரேக்கக் கதையை நான் எங்கள் ஊர் முட்டத்துக் கடற்கரைக்கு இழுத்து வந்துவிட்டேன். பாம்பு கடித்துச் செத்த காதலியை மீட்கப் பாதாளம்வரை பாடிக்கொண்டே போனவன், என் கதையில் பாறை இடுக்கு வழியாக இறங்கினான். பிடில் வாசித்தான். சுருட்டை முடி வைத்திருந்தான். பதினாறு வயதில் வேறெப்படிக் கதை கட்டுவது?

எங்கள் சர்ச் சபையில் ஒரு அக்கா தன் வீட்டில் வைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தாள். தலையணையில் குண்டூசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டபடி மற்றப் பெண்பிள்ளைகள் என் கதையைக் கேட்பார்கள். அக்காவின் தம்பி, சுருட்டை முடிக்காரன், உள்ளறையில் புத்தகத்தோடு இருப்பான். பக்கம் புரட்டும் சத்தமே வராது. அவன் கேட்கத்தான் நான் குரலை உயர்த்தினேன் என்பது அங்கிருந்த அத்தனை கழுதைகளுக்கும் தெரியும்.

மேலே வந்து சேரும்வரை பின்னால் வருகிறவளைத் திரும்பிப் பார்க்காதே என்று பாதாள ராஜா சொல்லியிருந்தும், என் நாயகன் திரும்பிவிட்டான். அவள் போயே போய்விட்டாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

உள்ளேயிருந்து அவன் கத்தினான். "கொஞ்சம் பொறுக்கப்பிடாதா அவனுக்கு? மண்டன்!"

அந்த ஆனியில் அவன் திருவனந்தபுரத்துக்குக் கல்லூரியில் சேரப் புறப்பட்டான். நாங்கள் ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேசியதில்லை. போகும்போது ஒருதரம் பார்த்தால் போதும், அவனுக்கும் என்மேல் ஆசைதான் என்று நம்பிக்கொள்வேன். வேலியோரம் நின்றேன். தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்தபடி தாண்டிப் போனான். கூப்பிட வாயெடுத்தேன். அம்மா தோளைப் பிடித்தாள்.

"பொறப்பட்டுப் போறவன பின்னால விளிக்கப்பிடாது மக்கா."

பஸ் ஏறும்வரை அவன் திரும்பவேயில்லை. பாவி! அன்று அழுத அழுகையில் பின்னிய லேஸெல்லாம் பாழாய்ப் போனது.

கிறிஸ்துமஸுக்கு வந்தவன் கரோல் கோஷ்டியோடு எங்கள் வீட்டில் பாடினான். முந்திரிக்கொத்துத் தட்டை நீட்டும் சாக்கில் கேட்டேவிட்டேன்.

"ஒருதரம் திரும்பிப் பாத்தா கழுத்து ஒடிஞ்சா போவும்?"

அவன் முகம் வாடிவிட்டது. "நீதானேட்டி சொன்ன, திரும்பிப் பாத்தவன் அவளத் தொலைச்சான்னு. நான் பல்லைக் கடிச்சிட்டுல்லா நடந்தேன்."

இத்தனை நாள் அவனைத் திட்டிய வாயில் ஒரு முந்திரிக்கொத்தைத் திணித்துக்கொண்டேன். கோஷ்டி அடுத்த வீட்டுக்குக் கிளம்பியது. அவனும் முன்போலவே தலைகுனிந்து படியிறங்கினான். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். நின்றால் நிற்கட்டும்.

"ஏலே மண்டா! திரும்பிப் பாருலே!"

திரும்பினான். நான் எங்கேயும் போய்விடவில்லை. தட்டோடு அங்கேயேதான் நின்றேன்.