மாமா போட்ட ஒரே ஓவர்

அம்மாவின் தம்பி, என் மாமா, மைசூரில் கல்லூரி அணிக்கு வேகப்பந்து வீசியவர். படிப்பு முடிந்த பிறகு உள்ளூர் லீக்கில் மூன்றாம் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று படிப்படியாக ஏறினார். இந்த ஏற்றத்தால் கண்ட லாபம் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம்தான் என்று அப்பா கிண்டல் செய்வார். தாத்தா ஓர் ஊதுபத்தி கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். பெங்களூரில் நடக்கும் தேர்வில் மாநில அணிக்கு எடுத்தால் கிரிக்கெட், எடுக்காவிட்டால் ஊதுபத்தி என்று வீட்டில் பேச்சு. மாமா யோசிக்காமல் ஒப்புக்கொண்டார்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊர் மைதானங்களில் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரத்தில் ஆணியடித்து, அதன்மேல்தான் ஆடுவார்கள். மாமா பந்தைப் பாதி தூரத்திலேயே குத்துவார். அது பாயில் பட்டு மூக்கை நோக்கி எழும்பும். மட்டை பிடித்தவர்கள் சட்டென்று குனிந்துகொள்வார்கள். எனக்கு அப்போது ஏழு வயது, ஆட்டம் ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் எல்லோரும் மாமாவுக்குக் குனிகிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பள்ளி விடுமுறை என்பதால் அப்பா என்னையும் பெங்களூருக்குக் கூட்டிப் போனார். அங்கே பாயே இல்லை. புல்லை ஒட்ட வெட்டிய வெறும் தரை. மாமா அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அக்கா புருஷனை அவர் கன்னட வழக்கப்படி பாவா என்றுதான் கூப்பிடுவார்.

“இது மேல நான் ஒரு தடவகூட போட்டதில்ல, பாவா.”

“எல்லாம் ஒண்ணுதான் அல்வா? நீ சும்னே யோசிக்காத, எப்பவும் போடற மாதிரி போடு” என்றார் அப்பா. ‘அல்லவா’ என்பதற்கு எங்கள் வீட்டில் கன்னட ‘அல்வா’தான். அவருக்கும் என் அளவுக்குத்தான் கிரிக்கெட் தெரியும்.

மாமா ஓடி வந்து, எப்போதும் போலப் பாதியில் குத்தினார். பந்து இடுப்புக்கு மேல் எழவில்லை. மட்டைக்காரன் குனியாமல் நின்று ஓங்கி அடித்தான். அது மரங்களுக்கு அப்பால் போய் விழுந்தது. மாமா போட்ட வேகம் அப்படி என்று நான் கை தட்டினேன். அடுத்ததும் அங்கேயே போனது, அதற்கும் தட்டினேன். ஓவர் முடிந்ததும் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், போதும், போய் உட்கார் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். மற்ற பையன்களோ சாயங்காலம் வரை மாறி மாறிப் போட்டு மாய்ந்தார்கள். எங்கள் வகுப்பில் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஆரம்பிப்பவர்களைத்தான் டீச்சர் போதும், உட்கார் என்பார். திக்குகிறவர்கள் முழுக்கச் சொல்லித் தீர வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தாத்தா என்ன ஆச்சு என்று கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“மத்தவங்கள சாயங்காலம் வரைக்கும் போட வெச்சாங்க, தாத்தா. மாமாவுக்கு ஒரே ஓவர்தான். போதும்னுட்டாங்க.”

தாத்தா மாமாவைப் பார்த்தார். அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார். அம்மா, “பாப்பா, வாய மூடு” என்றாள். நல்ல சேதி சொன்னதற்குத் திட்டு விழுந்ததில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமா என்னைத் தூக்கிக்கொண்டார்.

“ஏன்க்கா திட்டற? அவ சரியாதான் சொல்றா. ஒரே ஓவர்தான்.”

திங்கட்கிழமை அவர் ஊதுபத்தி கம்பெனிக்குக் கிளம்பினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வழியை மறித்துக்கொண்டு, “அவங்க கூப்பிட வரப்போ நீங்க வீட்ல இல்லன்னா வேற யாரையாச்சும் சேத்துக்குவாங்க” என்றேன்.

“வந்தா உக்கார வெச்சுட்டு எனக்குச் சொல்லி அனுப்பு, கண்ணு” என்றார்.

அந்த விடுமுறை முழுக்க நான் விளையாடப் போகவில்லை. தொப்பிக்காரர் வருவார் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வரும் மாமா, தெருமுனையில் என்னைக் கண்டதும் நடையைக் குறைத்துக்கொள்வார். புது வேலை, களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.