வீட்டுக்கு ஒரு வோட்டு

எனக்கு வாய் நீளம் என்று பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வருடமாக அந்தத் தெருவில் ஒரு மரக்கறிக் கடையின் காசு மேசையில் இருக்கிறேன். அழுகின தக்காளியை அடியில் வைத்துப் பெட்டி கட்டினால் முதலாளியையே பேசிவிடுவேன். கட்சிக்காரர் என்னைத் தேடிக் கடைக்கு வந்தபோது வரிசையில் நின்ற ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. நான்தான் ஆச்சரியப்பட்டேன்.

வந்தவர் எங்கள் வட்டாரத்தில் ஒரு எதிர்க்கட்சியின் செயலாளர். ஐம்பது வயது மதிக்கத்தக்க பிரெஞ்சுக்காரர், கையில் சுருட்டிய வரைபடம். சனிக்கிழமை மத்தியானம், வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. மனிதர் முருங்கைக்காய்ப் பெட்டியின் மேல் வரைபடத்தை விரித்து வைத்துப் பிரெஞ்சில் விளக்கத் தொடங்கினார். ஜனாதிபதியின் தவணை பாதியைத் தாண்டிவிட்டது, சனம் அரசாங்கத்தின் மேல் கொதித்துப் போயிருக்கிறது, வசந்தத்தில் நகரசபைத் தேர்தல், இந்த நேரத்தில் விட்டால் பிறகு பிடிக்க முடியாது என்றார். போனமுறை இந்த வட்டாரத்தில் கொஞ்ச வாக்கில் தோற்றார்களாம். அந்தப் பள்ளத்தை நிரப்பத் தமிழ் வாக்குப் போதுமாம். வரைபடத்தில் எங்கள் தெருவைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருந்தது. "பாருங்கள், எவ்வளவு தமிழர்கள்!" என்று வரிசையைக் காட்டினார். தமிழ் வாக்கு என்பது கடைக்குப் பின்னால் அரிசி மூட்டையோடு அடுக்கி வைத்திருக்கும் சாமான் என்று நினைத்துவிட்டார், பாவம்.

வேட்பாளர் பட்டியலில் ஒரு ஆண், ஒரு பெண் என்று மாறி மாறி வர வேண்டும் என்பது இங்கே சட்டம். அவர்களிடம் ஆண்கள் தாராளம், பெண்கள்தான் தட்டுப்பாடு. எனக்குப் பிரஜாவுரிமை இருக்கிறது, பிரெஞ்சு கதைக்க வரும், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆறாம் இடம் தருகிறோம் என்றார். வென்றால் ஆறாம் ஆள் நிச்சயம் சபைக்குள் போவார், சுமாராகத் தோற்றாலும் போகக்கூடும் என்றார். படத்துக்குச் சேலை கட்டி வருவீர்களா என்று கேட்டார்.

"நான் வேலைக்கு ஜீன்சும் ஸ்வெட்டரும் போட்டுத்தான் வருகிறேன். படமும் அப்படித்தான்," என்றேன்.

ஏன் ஓம் என்று சொன்னேன்? ஒளிக்க ஒன்றும் இல்லை. நகரசபை தரும் ஒரு வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு ஒன்பது வருடம் அவர்களின் கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்றவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே கோப்பைத் திருப்பித் தள்ளியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கதிரையில் எங்களில் ஒருத்தி இருந்து கேள்வி கேட்க வேண்டும் என்ற ஆசை அப்போதே வந்தது. எனக்கு அந்த ஆறாம் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

என் கணவர் அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். அவர் கேட்டார், "இஞ்சரும், உமக்கேன் உந்த வில்லங்கம்?"

"வில்லங்கத்தைக் கட்டினது நீங்கள்தானே," என்றேன். சிரித்துவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டார்.

இந்த இடத்தில் என் வெட்கக்கேடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பிரஜாவுரிமை கிடைத்துப் பல வருடம் நான் ஒரு தேர்தலிலும் வாக்குப் போட்டதில்லை. போடவில்லை என்பதே எனக்குத் தெரியாது! எங்கள் ஆட்களுக்கு எல்லாம் வீட்டுக்கு ஒன்றுதான். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு பற்றுச்சீட்டு, அது மனுசன் பெயரில். சங்கத்துக்கு வீட்டுக்கு ஒரு சந்தா. செத்த வீட்டுக்கு வீட்டில் ஒராள் போனால் வீடே போனமாதிரி. வோட்டும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். கணவர் போய்ப் போட்டுவிட்டு வருவார். யாராவது கேட்டால், "ஓம், நாங்கள் போட்டிட்டம்," என்பேன். என் பெயருக்கு வந்த வாக்காளர் அட்டை தையல் ஊசிகளோடு ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் பைகளோடு அவருக்குத் துணையாக வாக்குச்சாவடிக்குள் போனேன். மேசையில் இருந்த வயதான பெண்மணி என் பெயரைக் கேட்டார். "இவர் போட்டிட்டார்," என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். என் பெயர் அச்சில் இருந்தது. பக்கத்தில் கையெழுத்துப் போடும் கட்டம் வெறுமையாக இருந்தது. எனக்குக் காது சுட்டது. பைகளை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்த் தகரத்தைக் கவிழ்த்து அட்டையை எடுத்து வந்தேன். அதன்பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். கட்சிக் காரியாலயத்தில் முதல் கூட்டம். ஒரு கோப்பிக் கடைக்குப் பின்னால் உள்ள அறை. அங்கே எங்கள் சங்கம் ஒன்றின் தலைவரும் கோட்டும் டையுமாக வந்திருந்தார். கெட்டவர் இல்லை. யாராவது இறந்தால் பேப்பர் வேலையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர். ஆனால் தன் சொல்லுக்கு ஊர் ஆடும் என்ற நினைப்பு. "இங்கே எங்களில் நானூறு குடும்பம். நான் சொன்னால் அத்தனையும் விழும்," என்று பிரெஞ்சில் சொன்னார். செயலாளர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. உடனே அதை எழுதிக்கொண்டார்.

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அண்ணை, உங்கடை நானூறு குடும்பத்திலை எத்தினை குடும்பம் இஞ்சை படுத்தெழும்புது?"

"எல்லாரும் இஞ்சைதானே நிக்கினம், பிள்ளை."

"நிக்கினம். மரக்கறி வாங்கி, சேலை பாத்து, ரீ குடிச்சிட்டு, பின்னேரம் ரெயில் ஏறி பாரிசுக்கு வெளியிலை வில்லியே லே பெல்லுக்கும் சென் தெனிக்கும் போயிடுவினம். வோட்டு அங்கை. இஞ்சை கூட்டம் மட்டும்தான். பிறகு, குடும்பமே வோட்டுப் போடுறது? ஆக்கள்தானே போடுறது? உங்கடை சங்கக் கொப்பியிலை ஒரு பொம்பிளையின்ரை பெயராவது இருக்கோ?"

"விசர்க் கதை கதையாதையும்," என்றார் தலைவர்.

செயலாளர் என்ன என்று கேட்டார். ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் திருப்பிச் சொன்னேன். அவர் தலைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தான் எழுதியதைப் பார்த்தார். நானூறு என்ற எண்ணை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை.

சரி, நீங்கள் எழுதி வைத்துக்கொண்டு இருங்கோ என்று நான் என் வேலையைத் தொடங்கினேன். வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள் வரமுதல், கடைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் மிச்சக் காசோடு ஒரு கேள்வியும் கொடுத்தேன். வோட்டுக் கார்ட் இருக்கோ? எங்கை போடுறனீங்கள்? வெளியூர்க்காரரிடம் அங்கேயே போய்ப் போடச் சொன்னேன். இந்த வட்டாரப் பெண்களை ஒரு கொப்பியில் எழுதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் தொலைபேசியிலிருந்தே இணையத்தில் பதிந்துவிட்டேன். பத்துப் பேரைக் கேட்டால் ஏழு பேருக்கு ஒரே மறுமொழி: "இவர் போடுறவர்." கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடித்தது. ஒரு மனுசன் கடைக்கே வந்து, "என்ரை வீட்டிலை அரசியல் நடத்த வராதை," என்று கத்தினார். "உங்கடை வீட்டிலை நடத்தேல்லை. என்ரை கல்லாவிலைதான் நடத்துறன். கத்தரிக்காய் வாங்கினா வாங்குங்கோ, இல்லாட்டி வழியை விடுங்கோ," என்றேன். வாங்கிக்கொண்டுதான் போனார்.

பட்டியலைக் கையளிக்க இரண்டு நாள் இருக்கும்போது செயலாளரின் தொலைபேசி வந்தது. குரலில் வெண்ணெய். வியூகத்தில் ஒரு சின்ன மாற்றமாம். தலைவரின் மனைவிக்கு ஆறாம் இடம். எனக்கு இருபது. "ஆனால் கவலை வேண்டாம், சுவரொட்டியில் உங்கள் படம்தான்," என்றார்.

அடக் கடவுளே! கறிவேப்பிலை விற்கிறவளையே கறிவேப்பிலை ஆக்கப் பார்க்கிறார்கள்! வாசத்துக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடும்போது தூக்கி ஓரத்தில் வைப்பதற்கா என் முகம்?

"ஐயா, ஒவ்வொரு வேட்பாளரும் தன் கையால் சம்மதம் எழுத வேண்டும், இல்லையா? நான் இன்னும் எழுதவில்லை. ஆறாம் இடம் இல்லையென்றால் எழுதவும் மாட்டேன். படத்தையும் கிழியுங்கள்."

"கட்சிக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது, மதாம்."

"நான் உங்கள் கட்சியில் சேரவே இல்லையே. நீங்கள்தான் என் கடைக்கு வந்தீர்கள்."

அடுத்த நாள் பின்னேரம் காரியாலயத்துக்கு வரச் சொன்னார். போனேன். தலைவர் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, பட்டுச் சேலைக்கு மேல் குளிர்க் கோட்டோடு. அந்த அக்காவைக் கடையில் கண்டிருக்கிறேன். வெண்டிக்காயை ஒவ்வொன்றாய் முறித்துப் பார்த்து எடுப்பார், அதிகம் பேசமாட்டார். அவர் முன் படிவமும் பேனையும் இருந்தன. எழுத வேண்டிய வசனத்தைத் தலைவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார், பார்த்து எழுதுவதற்கு.

"தங்கச்சி, ஆர் இருந்தா என்ன, எங்கடை இனத்திலை ஒராள் இருந்தாச் சரிதானே," என்றார் தலைவர்.

"அப்ப என்னை விடலாமே, அண்ணை. நானும் அந்த இனம்தானே."

செயலாளர் இருமிவிட்டு, அக்காவிடம் வாக்காளர் பதிவுச் சான்றைக் கேட்டார். அது இல்லாமல் படிவத்தை ஏற்கமாட்டார்கள். அக்கா தன் கணவரைப் பார்த்தார். தலைவர் பெருமையோடு கோட்டுக்குள் கைவிட்டுத் தன் அட்டையை எடுத்து வைத்தார்.

"இது உங்களுடையது. மதாமுடையது எங்கே?"

"வீட்டுக்கு ஒன்றுதானே..." என்று தலைவர் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

அக்கா மெல்லத் தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார், "இவர் போடுறவர், பிள்ளை. நாங்கள் ஒவ்வொருமுறையும் போடுறனாங்கள்."

செயலாளர் அட்டையைத் திருப்பி முகவரியைப் படித்தார். வில்லியே லே பெல். நானூறு குடும்பத்தைத் தரப்போகிறவருக்கு இந்த வட்டாரத்தில் ஒரு வாக்குக்கூட இல்லை. அவர் மனைவிக்கு எந்த ஊரிலும் இல்லை. பதிவும் எப்போதோ முடிந்துவிட்டது. சங்கத்தின் முகவரி இங்கே இருந்ததால் செயலாளர் இவர்கள் வீடும் இங்கேதான் என்று எண்ணியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அக்கா பேனையை மூடி மேசையில் நேராக வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். அவர் காது சிவந்திருந்தது. என் சிரிப்பு அடங்கி, கோபம் மட்டும் மிஞ்சியது.

"நாங்கள் நாங்கள் எண்டு எத்தினை வருசம் சொல்ல வைச்சிட்டியள், அண்ணை! அந்த நாங்களுக்குள்ளை அக்கா எங்கை?" என்று கேட்டேன். நான் அந்தப் பேனையையே எடுத்து, என் படிவத்தில் ஒன்றையும் பார்க்காமல் சம்மத வசனத்தை எழுதினேன். ஆறாம் இடம். தாள் கிழியும் அளவுக்கு அழுத்தியிருந்தேன்.

தேர்தல் அன்று எங்கள் வாக்குச்சாவடியில் கட்சி சார்பில் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் கொப்பியில் இருந்த பெண்கள் வந்தார்கள். சிலர் வேலை உடுப்போடு, சிலர் கோயிலுக்குப் போகிறமாதிரிப் பூ வைத்துக்கொண்டு. ஒவ்வொருவருக்கும் அவர்கள் வரியில் விரலை வைத்துக் காட்டினேன். ஒருத்தி கையெழுத்துப் போட்டபின் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வென்றோமா? இல்லை. எங்கள் பட்டியலில் ஐந்து பேர்தான் சபைக்குள் போனார்கள். நான் ஆறாவது! வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். செயலாளர் வந்து, வாய்ப்பு நன்றாகத்தான் இருந்தது, அடுத்தமுறை பார்க்கலாம் என்றார். அடுத்தமுறை நான்காம் இடம் என்றால் மட்டும் கடைப்பக்கம் வாருங்கள், இல்லாவிட்டால் கறிவேப்பிலை வாங்க வாருங்கள் என்றேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை மத்தியானம். வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. தலைவரின் மனைவி வந்தார். கூடையில் ஒன்றும் இல்லை. தராசுத் தட்டில் தன் அடையாள அட்டையையும், முகவரிக்கு அத்தாட்சியாகத் தன் பெயரும் கணவர் பெயரும் உள்ள வரிக் கடிதத்தையும் வைத்தார்.

"தங்கச்சி, என்னையும் பதி."

"இப்பவோ அக்கா? சனம் நிக்குது."

"இப்ப."

தொலைபேசியை எடுத்தேன். வரிசையில் யாரோ முணுமுணுத்தார். நான் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். பெயர், பிறந்த தேதி, முகவரி என்று ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டு போனேன். வெளியே ஒரு கார் ஹோர்ன் நீளமாக அடித்தது. எட்டிப் பார்த்தேன், தலைவர்.

"அக்கா, அண்ணை அவசரப்படுறார் போலை. அவருக்குத் தெரியுமோ?"

மறுபடியும் ஹோர்ன் கேட்டது. அக்கா திரும்பியும் பார்க்கவில்லை.

"அடிக்கட்டும்," என்றார். "நீ எழுது."