சாவி கேட்ட குரல்

மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன சலூன் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு நாளும் உள்ளே பார்த்ததில்லை. போன வாரம் அதன் வாசலில் நின்றுவிட்டேன். நாற்காலியில் ஒரு பையன் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலுதட்டில் நுரை. அவனுக்கு அது முதல் தடவை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஷேவிங் கிரீமின் எலுமிச்சை வாசனை தெரு வரைக்கும் வந்தது. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத வாசனை.

"இன்னா மேடம், யாரையாச்சும் தேடறீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்றுகூடச் சொல்லாமல் நடந்தேன். ரயில் போய்விட்டது. ஆபீசில் திட்டு வாங்கினேன்.

அதே வாசனையுள்ள கிரீமை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி தினேஷின் மேலுதட்டில் தடவியவள் நான். அப்பாவின் டியூப். அப்போது நான் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் கடைசி வருடம். அவன் ஒன்பதாம் வகுப்பு.

கடைசி வருடத்தில் எல்லோரும் ஒரு படம் எடுக்க வேண்டும். "முழுப் படம் வேண்டாம். வளர்ந்துவரும் ஒரு பிள்ளையைப் பற்றிய படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டுங்கள்" என்றார் எங்கள் சார். முழுப் படம் எடுத்தால் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே. வகுப்பில் பாதிப் பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஓடினார்கள். விடிகாலை, ஈர மணல், அலையைப் பார்த்தபடி தனியாக நிற்கும் பையன். எல்லோருக்கும் இதே யோசனை. கடலைப் பார்த்து நின்றால் எவனும் பெரியவனாகிவிட மாட்டான் என்று நான் வகுப்பில் கத்தினேன். எனக்கு அப்போது வாய் அதிகம். இப்போதும் குறைவில்லை.

என் படம் வேறு. எங்கள் வீட்டு வாசல்.

மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். படிக்கட்டுக்குக் கீழே ஓர் இரும்புக் கேட். யாரோ பைக்கைத் திருடிக்கொண்டு போன பிறகு வீட்டுக்காரர் அதைப் பகலிலும் பூட்டி வைத்தார். குடித்தனத்துக்கு ஒரே ஒரு சாவி. காலிங் பெல் கிடையாது. வருகிறவர்கள் கீழே நின்று கூப்பிட வேண்டும். அம்மா பால்கனியிலிருந்து சாவியைப் போடுவாள். வெறும் சாவியைப் போட்டால் சாக்கடைக்குள் போய்விடும் என்று தினேஷின் பழைய ஸ்கூல் சாக்ஸுக்குள் போட்டு முடிச்சுப் போட்டிருந்தாள். சந்தில் எல்லோருக்கும் அந்த சாக்ஸைத் தெரியும்.

அம்மா வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்றாள். அதனால் நாள் முழுக்கக் கீழே குரல்தான். எட்டிப் பார்க்காமலே யார் என்று சொல்லிவிடுவாள். "மூணாம் நம்பர் வீட்டுக்காரரு. சளி புடிச்சிருக்கு அவருக்கு" என்பாள். பார்த்தால் மூன்றாம் நம்பர் வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

படம் இப்படித் தொடங்கும். பையன் பள்ளியிலிருந்து வருகிறான். கேட் அருகே நின்று தலையைத் தூக்கி "மா, சாவி!" என்று கூப்பிடுகிறான். மேலிருந்து சாக்ஸ் விழுகிறது. பிடிக்கிறான். சிரிக்கிறான். அவ்வளவுதான். படம் முழுதாக எடுக்கப்பட்டிருந்தால் கடைசிக் காட்சியில் அவனிடம் தனிச் சாவி இருக்கும். யாரையும் கூப்பிடாமல் அவனே திறந்துகொண்டு உள்ளே போவான். பெரியவனாவது என்றால் அதுதான் என்று அந்த வயதில் நினைத்தேன்.

கேமரா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் இருந்ததால் சந்தில் வெயில் கொஞ்ச நேரம்தான் விழும். நான் இயக்குநர் என்று தெரிவதற்காகத் தலையில் தொப்பி. ஒலிப்பதிவுக்கு என் தோழி நஸ்ரின், ராயப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருவாள். மாப் குச்சியில் மைக்கைக் கட்டிக்கொண்டு, இஸ்திரி போடும் மாரி அண்ணனின் வண்டிக்குப் பின்னால் நிற்பாள்.

அம்மாவுக்கு வேலை சுலபம். முகம் தெரியாது. சாக்ஸைப் போட்டால் போதும்.

"மா, சாவி!"

"வரேன்டா, கத்தாத!"

"கட்! மா, நீ பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் எங்கடி பேசினேன்?"

"இப்ப வரேன்னு சொன்னியே."

"அது பேச்சா? புள்ள கூப்டான், வரேன்னேன்."

மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் "வரேன்டா". தினேஷ் வாயை மூடுவதற்கு முன்பே அவள் வாய் திறந்துவிடும். அவன் குரலும் அவள் குரலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு ஒரு தடவை முயற்சி செய்தாள். அதற்குள்ளிருந்து "ம்ம்" என்று வந்தது.

"ஏம்மா டைரக்டரு, அம்மா வாய்க்கு ஒரு பிளாஸ்திரி ஒட்டேன்" என்றார் மாரி அண்ணன்.

"உன் வாய்க்கு ஒட்டறேன் மாரி, மேல வா" என்றாள் அம்மா பால்கனியிலிருந்து. நஸ்ரின் சிரித்ததில் மைக் ஆடியது. வெயில் போய்விட்டது. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று மூட்டை கட்டினோம்.

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்து கேமராவை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு எனக்குக் காய்ச்சல், பிறகு அவனுக்குப் பரீட்சை. இப்படியே மாதங்கள் போயின. பையன் பெரியவனாவதைப் பற்றிப் படம் எடுக்கிறோம், எடுத்து முடிக்கும்வரை பையன் அப்படியே இருப்பான் என்று எவளாவது நினைப்பாளா? நான் நினைத்தேன். கேமராவுக்குள் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் மேலுதட்டில் நிழல்போல மீசை.

"எடுத்துடலாம்" என்றேன்.

"வேணாம்க்கா. கிளாஸ்ல எனக்குத்தான் மொதல்ல வந்துகீது."

"போன ஷாட்ல மீசை இல்லடா. இந்த ஷாட்ல இருந்தா ஒட்டாது."

"எடுத்தா முரடா வளருமாம்."

"வளரட்டும். படம் முடிஞ்சப்புறம் முறுக்கிக்கோ."

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று எடுத்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான். அந்த எலுமிச்சை வாசனை. எடுத்த இடம் வெளுத்துத் தெரிந்ததால் பவுடர் போட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "திரும்பவும் ஏழாங் கிளாஸ் போயிட்டேன்" என்றான். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் இதே வேலை. ஒரு பிள்ளை பெரியவனாவதைக் காட்டுவதற்காக அந்தப் பிள்ளையைப் பெரியவனாக விடாமல் பிடித்து வைத்திருந்தோம். எங்கள் கலை அப்படி.

மீசையை எடுக்கலாம். குரலை என்ன செய்வது? ஒரு ஞாயிறு அவன் "மா" என்று தொடங்கியதும் குரல் உடைந்து எங்கேயோ கீழே போய்விட்டது.

"இன்னா தினா, தொண்டைல தவள கீதா?" என்று மாரி அண்ணன் கேட்க, சந்தே சிரித்தது. அவனும் சிரித்தான். மேலே அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சாக்ஸும் விழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "யாரோன்னு நெனச்சேன்டா" என்றாள். குரலைக் கேட்டு ஆளைச் சொல்கிறவள் அவள். தன் பிள்ளையைத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

முதல் ஞாயிறுகளில் பதிந்த பழைய குரல் இருந்தது. எல்லாவற்றிலும் அம்மா மேலே விழுந்து பேசியிருந்தாள். சார் கேட்டுவிட்டு, "ஓவர்லாப் ஆகுது. யூஸ் இல்ல. க்ளீனா டப் பண்ணிடுங்க" என்றார்.

"அம்மா வாய்ஸ் இருக்கட்டுமே சார், நல்லாத்தானே இருக்கு" என்றாள் நஸ்ரின். அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை, எனக்கு மார்க் வேண்டும். தினேஷுக்குப் பதிலாக நஸ்ரினே குரல் கொடுத்தாள். பையன் குரல்போலத்தான் இருந்தது. அம்மாவின் "வரேன்டா" போய்விட்டது. அது இருந்த நேரம் மட்டும் காலியாக நின்றது.

கல்லூரியில் திரையிட்ட அன்று பையன் கூப்பிடுகிறான், பதில் இல்லை, பிறகு சாக்ஸ் விழுகிறது. "அந்த மௌனம் பிரமாதம்" என்றார் சார். கைதட்டினார்கள். அம்மா வரவில்லை, மாவு ஆட்டுவதை விட்டுவிட்டு வர முடியாது. தினேஷ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தன் வாயிலிருந்து நஸ்ரின் பேசியதும் தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா, அது நான் இல்லக்கா" என்றான், புதுக் குரலில்.

தினேஷ் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது இறந்தான். பெசன்ட் நகர் கடல். நண்பர்களோடு போனான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். "நீச்சல் தெரியாதா?" என்று துக்கத்துக்கு வந்து கேட்டவர்களை இன்னும் நான் மன்னிக்கவில்லை. அவன் நண்பர்கள் சந்து முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். அதில் கறுப்புக் கண்ணாடி, அடர்ந்த மீசை. சொன்னபடியே முரடாகத்தான் வளர்ந்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அம்மா, "அந்தப் படத்தப் போடுடி" என்றாள். போனில் போட்டுக் கொடுத்தேன். அவன் வருகிறான், தலையைத் தூக்குகிறான், "மா, சாவி!" அம்மா படத்தை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"இது அவன் இல்ல."

"அவன்தான்மா."

"மூஞ்சி அவன்து. கொரல் யாரோட்து?"



பெரியவனான பிறகு அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் என் போனில் இருக்கின்றன. "அக்கா, சார்ஜர் எடுத்துனு பூட்டியா?" இந்த மாதிரி நிறைய. அம்மா அதையெல்லாம் கேட்கிறாள். ஆனால் அவளுக்கு வேண்டியது சாவி கேட்ட குரல். அதைத் தேடிக் கல்லூரிக்குப் போனேன். வருடா வருடம் அடுத்த வகுப்புக்காகக் கம்ப்யூட்டரைத் துடைத்துவிடுவார்களாம். "பழசெல்லாம் எப்பவோ போச்சும்மா" என்றார் லேபில் இருந்தவர். நஸ்ரின் தன்னிடமிருந்த பழைய மெமரி கார்டுகள் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் நான் "கட்! கட்!" என்று கத்துவது இருக்கிறது. நன்றாக, தெளிவாக, ஓவர்லாப் இல்லாமல்.

மயிலாப்பூர் வீட்டை இடித்துவிட்டார்கள். அதற்காக நான் அழவில்லை. ஒழுகுகிற வீடு, போகட்டும். இப்போது மேற்கு மாம்பலத்தில் இருக்கிறோம். லிஃப்ட் இருக்கிறது, காலிங் பெல் இருக்கிறது, ஆளுக்கொரு சாவி. கதவைத் திறந்துகொண்டு சத்தமில்லாமல் உள்ளே வருகிறோம். கீழே நின்று அம்மாவை யாரும் கூப்பிடுவதில்லை. மாவும் ஆட்டுவதில்லை.

சில சாயங்காலம் அந்தப் படத்தைக் கேட்கிறாள். "சத்தத்த எடுத்துட்டுப் போடு" என்கிறாள். எடுத்துவிட்டுப் போடுகிறேன். வெயில் விழுந்த சந்தில் அவன் வருகிறான். கேட் அருகே நின்று தலையைத் தூக்குகிறான். வாய் அசைகிறது.

"வரேன்டா, கத்தாத" என்கிறாள் அம்மா.

சார் பிரமாதம் என்ற அந்த இடத்தில் அது சரியாகப் பொருந்துகிறது. பொருந்தாமல் என்ன, அது அவளுடைய இடம்தானே. பிறகு சாக்ஸ் விழுகிறது. அவன் பிடிக்கிறான். மேலே பார்த்துச் சிரிக்கிறான்.

பேசாதே என்று இப்போது நான் சொல்வதில்லை.