மூளிக்கு வீட்டுக்குப் போகணும்

மூளி ஜெயிப்பாள் என்று ஈப்போ முழுவதிலும் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொன்ன ஒரே ஆள் ஈப்போவில் இல்லை. தஞ்சோங் ரம்புத்தானில், பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். அது என் அம்மா.

தஞ்சோங் ரம்புத்தான் என்றால் எங்கள் ஆட்களுக்கு வெறும் ஊர்ப்பெயர் இல்லை. புத்தி கலங்கியவர்களை வைத்துப் பார்க்கும் இடம். யாராவது கோணலாகப் பேசினால், ‘இவனை அங்கே ரயிலேத்துங்கப்பா’ என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

அதற்கு முன்னால் நாங்கள் சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா காய்ச்சலில் போனார். அந்த வருஷமே பிறந்த தங்கச்சியும் தங்கவில்லை. அம்மா உடம்பு தேறும் முன்பே மறுபடி மரம் சீவப் போனாள். விடியற்காலையில் சீவ வேண்டிய மரத்தைக் கொஞ்ச நாளில் உச்சி வெயிலில் போய்ச் சீவ ஆரம்பித்தாள். வெயில் ஏறினால் பால் இறங்காது. அவள் விடவில்லை. ஒரே மரத்தைப் பட்டை தீர்ந்து கட்டை தெரியும்வரை சீவினாள். கங்காணி வந்து கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினார். அதன் பிறகு அம்மாவை ரயிலில் ஏற்றினார்கள். என்னை மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். ஈப்போ பந்தயத் திடலில் குதிரைக்காரர். தேய்ப்பது, குளிப்பாட்டுவது, புல் போடுவது, விடிவதற்குள் நடத்திக்கொண்டு போவது எல்லாம் அவர் வேலை. குதிரைகளுக்கு வெள்ளைக்கார முதலாளிகள் வைத்த பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது. அதனால் குதிரைக்காரர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். வெல்லக்கட்டி, சோம்பேறி, கலெக்டர், மாப்பிள்ளை. மாமாவின் பொறுப்பில் இருந்த செம்பழுப்புப் பெட்டைக் குதிரைக்கு, கப்பலில் வரும்போது எதிலோ மாட்டி ஒரு காது பாதி கிழிந்து போயிருந்தது. அதனால் மூளி. அவள் தீனியைப் பாதிதான் தின்பாள். தலையை எப்போதும் வாசல் பக்கமே வைத்திருப்பாள். பந்தயத்தில் விட்டால் எல்லாக் குதிரைகளையும் வழியனுப்பிவிட்டு நிதானமாகக் கடைசியில் வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா என்னை அம்மாவிடம் அழைத்துப் போவார். அம்மா பேச மாட்டாள். என் தலையைத் தடவிக்கொண்டே மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேசாத ஆளிடம் எவ்வளவு நேரம் பேசுவது? மாமாவுக்கு வேறு விஷயமும் தெரியாது. குதிரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். வெல்லக்கட்டிக்கு வயிற்று வலி, கலெக்டர் ஒரு ஆளைக் கடித்துவிட்டான் என்று ஊர்ச்செய்தி மாதிரி சொல்வார். ஒருநாள் மூளியைப் பற்றிச் சொன்னார். தீனி தின்பதில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், வருகிற சனிக்கிழமையும் கடைசிதான் வருவாள் என்றார்.

அம்மா திரும்பினாள். “இல்லண்ணே. அவதான் மொதல்ல வருவா. அவளுக்கு வீட்டுக்குப் போகணும்” என்றாள்.

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவர் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுதான். ரயிலில் வரும்போது கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். புகைவண்டிக் கரி விழுந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

சனிக்கிழமை மாமா மூளிமேல் காசு கட்டினார். பக்கத்து லாயத்துக் குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். தாடி வைத்திருப்பார், அதனால் எல்லோருக்கும் அவர் தாடிக்காரர். அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“மூளிக்கா கட்டுற? அந்தக் காசைக் கிந்தா ஆத்துல போடு மச்சான். மீனாவது பாக்கும்.”

“எந்தங்கச்சி வாயத் தொறந்து சொன்ன வார்த்த. அத சும்மா விட முடியுமா?” என்றார் மாமா.

அன்று மதியம் நல்ல மழை. திடல் சேறாகிவிட்டது. குதிரைக்காரர்கள் நிற்கும் கம்பி ஓரத்தில் மாமா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். குதிரைகள் தூரத்தில் போகும்போது வெறும் மண்ணிறப் புள்ளிகள். கடைசிப் புள்ளி மூளி. வளைவு திரும்பினதும் எதிரே லாயங்கள் தெரியும். அங்கே முன்னால் வந்த குதிரைகள் சேற்றில் கால் வைக்கத் தயங்கின. மூளி தயங்கவில்லை. அவள் ஓடினது பந்தயத்தில் ஓடுகிற மாதிரியே இல்லை. மழைக்கு முன் துணி எடுக்க ஓடுகிற பொம்பிளை மாதிரி, யாரையும் பார்க்காமல், நேரே ஓடினாள். எல்லாக் குதிரைகளையும் தாண்டி அவள்தான் முதலில் வந்தாள். பிறகு சுற்றியிருந்தவர்கள் சத்தம் போட்டார்களா, சத்தமே இல்லாமல் நின்றார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ பந்தயம் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு ஓட்டத்தை மறுபடி பார்க்கவில்லை.

கிடைத்த காசு மாமாவின் பல மாதச் சம்பளம். அத்தைக்குச் சேலை வந்தது. எனக்கு முதன்முதலாகச் சட்டையில் பொத்தான் வந்தது. மூளி ஜெயித்ததும் அவளுக்கு விலை ஏறிவிட்டது. முதலாளி அவளைக் கோலாலம்பூர்க்காரர் ஒருவருக்கு விற்று ரயிலேற்றிவிட்டார். போகும்போதும் தலையை லாயத்துப் பக்கம் திருப்பிக்கொண்டே போனாள். பிறகு அங்கே ஒரு பந்தயத்தில் கால் முறிந்து, சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அன்று மாமா சோறு தின்னவில்லை.

ஆனால் என் நிலைமை அதற்குள் தலைகீழாக மாறிவிட்டது. முந்தின வாரம்வரை லாயத்துப் பிள்ளைகளுக்கு நான் ‘பைத்தியக்காரி மவன்’. இப்போது அதே பிள்ளைகளின் அப்பாமார் என்னைக் கூப்பிட்டு பிசாங் கோரேங் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வாழைப்பழப் பலகாரம் அதுவரை நான் பார்த்ததுதான், தின்றதில்லை. அம்மாவுக்கு வந்திருப்பது நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாமி என்று தாடிக்காரர் சொன்னார். நோய் என்றால் போக வேண்டும், சாமி என்றால் இருக்க வேண்டும். ராத்திரி கும்பிடும்போது எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மாமாவோடு தாடிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ரயிலேறினார்கள். ஒருவர் கையில் பழம், ஒருவர் கையில் பூ. அம்மா முன்னால் வரிசையாகக் குந்தினார்கள்.

“தங்கச்சி, அடுத்தது எது?” என்று தாடிக்காரர் கேட்டார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். “வீட்டுக்குப் போகணும்ண்ணே.”

திரும்பி வரும் ரயில் முழுக்க அதே பேச்சு. வீடு என்றால் என்ன? முதலாளி வீட்டுப் பக்கத்து லாயமா? பிறந்த வீடா? அப்படியென்றால் உள்ளூரில் பிறந்த குதிரையா?

“வீட்டுக்கு மொதல்ல எது? வாசல்தானே?” என்றார் தாடிக்காரர். “வாசல் கிட்ட கட்டியிருக்கிறது யாரு? சோம்பேறி. அவ்வளவுதான் லா.”

சோம்பேறி முதலில் வரவில்லை, இரண்டாவதாக வந்தது. அதற்கும் கொஞ்சம் காசு உண்டு. இரண்டாவது வந்ததற்குக் காரணம், தாங்கள் பழத்தைக் குறைத்துக் கொண்டுபோனதுதான் என்று முடிவு செய்தார்கள். மறுவாரம் சீப்பு குலையாயிற்று. அம்மா அதையேதான் சொன்னாள். அதற்கு வேறு குதிரை கண்டுபிடித்தார்கள்.

அந்த நாட்களில் அம்மா தேறிக்கொண்டு வந்தாள். தலை வாரியிருந்தாள். நான் மெலிந்துவிட்டேன் என்றாள். ஒருநாள் அங்கே நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் தமிழ் டிரசர் ஒருவர் எங்களிடம் வந்தார். நல்ல மனுஷர்.

“உங்க தங்கச்சிக்குக் குணமாயிருச்சுங்க. டாக்டரும் சொல்லிட்டாரு. நீங்க வந்து கைநாட்டு வெச்சா கூட்டிக்கிட்டுப் போலாம்” என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மாமாவும் எழுந்தார். தாடிக்காரர் அவர் கையைப் பிடித்தார். “பெரிய பந்தயம் வருது மச்சான். வீட்டுக்கு வந்து கரிச்சட்டி கழுவ ஆரம்பிச்சா வாக்கு வருமா? யோசிச்சுப் பாரு.”

மாமா யோசித்தார். நல்லவர்கள் யோசிக்கும்போது முகம் எப்படி அசிங்கமாகிறது என்று அன்றுதான் பார்த்தேன். “அடுத்த வாரம் வாரேங்க. வீட்ல கொஞ்சம் எடம் பண்ணணும்” என்று டிரசரிடம் சொன்னார். எங்கள் வீட்டில் இடம் எப்போதும் ஒரே அளவுதான்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தை புதுச் சேலையை அவிழ்த்து மாமா முன்னால் போட்டாள். “கூடப் பொறந்தவள அடைச்சு வெச்சு குறி கேக்கிறியே, ஒனக்குத்தான்யா அங்க கட்டில் போடணும்” என்றாள். மாமா அன்று லாயத்திலேயே படுத்துக்கொண்டார். ஆனாலும் அடுத்த வாரம் கைநாட்டு வைக்கவில்லை. மாமாவைப் போல அம்மாமேல் பாசம் வைத்தவர் யாரும் இல்லை. அது எனக்கு உறுதியாகத் தெரியும். பிறகு ஏன்?

அதற்கடுத்த ஞாயிறு அம்மாவே பேச்சைத் தொடங்கினாள். என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, பெரிய பந்தயம் எப்ப?”

நான்கு பேரும் கிட்டே நகர்ந்தார்கள். “வர்ற சனிக்கிழம” என்றார் மாமா.

“எனக்குத் தெரியுதுண்ணே. ஆனா இங்க உக்காந்தா வாய்க்கு வர மாட்டேங்குது. நம்ம வீட்டு அடுப்பு முன்னால உக்காந்தாச் சொல்லிருவேன்.”

தாடிக்காரர்தான் முதலில் எழுந்தார். “இன்னும் என்ன பாக்குற? போய் கைநாட்டு வை!”

வரும்போது ரயிலில் அம்மா சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மலைகள் போயின, ஈயச் சுரங்கக் குட்டைகள் போயின. ஒரு சமயம் அவள் சிரிக்கிற மாதிரி இருந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் எங்கள் வாசலில் நிற்க இடமில்லை. சீனத் தவுக்கே ஒருவர்கூட வந்திருந்தார். கடை முதலாளி அவர்; எங்கள் வாசலுக்கு வருகிற ஆளே இல்லை. அம்மா குளித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டினாள். ஊதினாள். உலை வைத்தாள். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

தாடிக்காரர் மெதுவாக, “தங்கச்சி, அடுப்பு எரியுது” என்றார்.

“எங்கண்ணே எரியுது? ஈர வெறகு. பொகையுது.”

“வேற ஒண்ணும் தோணலியா?”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே பார்த்து, “அண்ணி, உப்பு எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“குதிர, தங்கச்சி, குதிர!”

“குதிரையப் பத்தி எனக்கு என்னண்ணே தெரியும்? நான் மரம் சீவறவ.”

தாடிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். “போச்சு லா. முழுசா தெளிஞ்சிருச்சு” என்றார். துக்க வீட்டிலிருந்து போகிற மாதிரி ஒவ்வொருத்தராக, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்கள். அத்தை மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கு என்னமோ பெரிதாகப் போய்விட்டது, அதனால்தான் எல்லோரும் இப்படிப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மாமா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அடிப்பாரோ என்று பயந்தேன். அம்மா அவர் பக்கத்தில் வந்தாள்.

“மூளி எங்கண்ணே? காட்டுங்களேன்.”

மாமா எழுந்து முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். மூளி நின்ற இடத்தில் புதிய வைக்கோல் போட்டிருந்தது. குதிரை ஏதும் கட்டவில்லை. மாமா அந்தக் காலிக் கொட்டடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கப்பல்ல ஏத்திவிட்டாங்க புள்ள. அவ வீட்டுக்குப் போயிட்டா” என்றார்.

மாமா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. ‘இல்லம்மா’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, “நல்லதுண்ணே” என்றாள். கையில் ஈர விறகுப் புகை வாசம்.

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? வாயிலிருந்து வராத வார்த்தையே தெரிகிறது என்றால் அவளிடம் இருந்தது சாமிதான், அது எங்கேயும் போய்விடவில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன். அப்படியென்றால் அன்றைக்கு எந்தக் குதிரை வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். தெரிந்தும் ஏன் சொல்லாமல் விட்டாள் என்று, வெகுநாள் நான் அவள்மேல் கோபமாக இருந்தேன்.