மூதூர் மாமா எங்கள் வீட்டில் சாப்பிடாமல் விட்ட காரணம்

மூதூர் மாமா எங்களுக்கு உறவில்லை. அப்பாவோடு திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்தவர். மூதூரிலிருந்து காலை லோஞ்ச் படகில் குடாவைக் கடந்து வந்து, வேலைக்கு நேரமாகும்வரை எங்கள் குசினியில் இருந்து அம்மா கொடுப்பதைச் சாப்பிடுவார். அவர் முஸ்லிம், நாங்கள் கத்தோலிக்கர். பன்றி இறைச்சி எங்கள் வீட்டுக்குள் வந்ததேயில்லை, நத்தார்ப் பண்டிகைக்குக்கூட. அது அப்பா போட்ட சட்டம். “காக்கா சாப்பிடுற வீடு இது” என்பார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சட்டத்தைப் பற்றி மூதூர் மாமாவிடம் அவர் ஒருநாளும் சொன்னதாகத் தெரியவில்லை.

எனக்குப் பதினொரு வயதானபோது, மாவுத் தட்டுப்பாட்டால் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம் ஒருவாறு முடிந்திருந்தது. அந்த வருடப் பள்ளி விடுமுறையில் அம்மாவின் தம்பி வந்தார். அவர் சரக்குக் கப்பலில் சமையற்காரர். கப்பல் தேயிலை ஏற்றிய ஒரு கிழமையும் எங்களோடு தங்கினார். வந்த அன்று, அவுஸ்திரேலியாவில் வாங்கிய பெட்டியொன்றை அம்மாவிடம் கொடுத்தார். கடைக்காரன் ஒட்டிய தாள்கூடக் கிழியாத பெட்டி. அதை உடைத்தவன் நான்தான். உள்ளே மின்சாரத்தில் சூடாகும் சான்விச் டோஸ்டர் இருந்தது. இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவே கறியோ சம்பலோ வைத்து மூடி அழுத்தினால், ஓரம் ஒட்டிய இரண்டு முக்கோணங்களாக வெளியே வரும். நாங்கள் அதற்குப் பாண் மெஷின் என்று பெயர் வைத்தோம்.

அன்று பின்னேரம் இந்தக் கப்பல் மாமா எனக்கு மட்டும் ஊர் ஊராகப் பாண் சுடும் கதை சொன்னார். அவுஸ்திரேலியாவில் தக்காளிச் சாற்றில் ஊறிய டின் போஞ்சிக்கொட்டையை வைத்துச் சுடுவார்கள். கடித்தால் நாக்கு வெந்துபோகும், ஆனாலும் ஆறும்வரை பொறுக்கமாட்டார்கள். பம்பாய்த் தெருவில் மின்சாரம் இல்லை. நீண்ட கைபிடியுள்ள இரும்பு அச்சுக்குள் உருளைக்கிழங்கும் பீற்றூட்டும் பச்சைச் சட்னியும் வைத்து நெருப்பில் காட்டுவார்கள். சிங்கப்பூரில் கரியடுப்பில் வாட்டிய பாணுக்குள் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் காய்ச்சிய களி. பிரான்சில் பன்றி இறைச்சியும் சீசும். அதையும் முள்ளுக்கரண்டியால்தான் சாப்பிடுவார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. அரைநாள் வேலை. மூதூர் மாமா தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவனுக்கும் என் வயதுதான். குசினியில் எல்லாரும் கூடியிருக்க, கப்பல் மாமா அதே கதையைத் திரும்பச் சொன்னார். சிங்கப்பூர் வந்ததும் மூதூர் மாமா குறுக்கிட்டார்.

“நில்லுங்க தம்பி. தேங்காய்ப்பால், முட்டை, சீனி. அது எங்கட வட்டிலப்பமெல்லோ? எங்கட சாமானைக் களவெடுத்துப் பாணுக்குள்ள வச்சிட்டான்கள்!”

அப்பா சிரித்ததில் தேத்தண்ணி சிந்தியது. கதை பிரான்சுக்கு வந்தபோது பன்றி இறைச்சி முட்டையாக மாறியிருந்தது. அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான்.

பிறகு கப்பல் மாமா ஒரு போட்டி வைத்தார். எந்த ஊரில் என்ன வைத்துச் சுடுகிறார்கள் என்று சரியாகச் சொல்பவன் மெஷினின் மூடியை அழுத்தலாம், முதல் துண்டும் அவனுக்கே. நானும் மூதூர் மாமாவின் மகனும் சரிக்குச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். கடைசியாகப் பிரான்ஸ். முறை என்னுடையது.

“பன்...” என்று தொடங்கினேன். கப்பல் மாமா மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

“பிழை! மற்றவர் சொல்லட்டும்.”

“முட்டையும் சீசும்” என்றான் அவன்.

எல்லாரும் கைதட்டினார்கள். அவன் மூடியை அழுத்தினான். அம்மா அவனுக்குச் சீனிச்சம்பல் வைத்த முதல் துண்டைக் கொடுத்தாள். அதில் பாதியைப் பிய்த்து அவன் என்னிடம் நீட்டினான், நான் வாங்கவில்லை. மூதூர் மாமா நான்கு முக்கோணங்கள் சாப்பிட்டு, “இவ்வளவு காலமும் பாணைச் சும்மா திண்டு வீணாக்கிப் போட்டம்” என்றார். சரியான பதில் தெரிந்ததனால் தோற்றவனாக நான் மூலையில் இருந்தேன்.

வேலை முடிந்து தகப்பன் வரும்வரை அவன் என்னோடு லோஞ்ச் புறப்படும் ஜெற்றியில் நின்றான். அங்கேதான் சொன்னேன்.

“பிரான்சில முட்டையில்லை, பன்றி. உங்களுக்காக மாமா மாத்திச் சொன்னவர்.”

“அதுக்கென்ன? அது பிரான்சிலதானே.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது.

“அந்த மெஷின் கப்பலில இருந்தது. வெள்ளைக்காரருக்கு ஒவ்வொரு நாளும் அதிலதான் பன்றி சுட்டவர். கழுவவும் ஏலாது, கரண்ட் அடிக்கும். நீயும் உன்ர வாப்பாவும் அதிலதான் சாப்பிட்டனீங்கள்.”

“சத்தியமா?”

“மாதா மேல சத்தியம்.”

அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. படிகளில் இறங்கிப்போய்க் கடல் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்தான். திரும்பத் திரும்பக் கொப்பளித்தான். லோஞ்ச் புறப்பட்டபோது அவன் எனக்குக் கை காட்டவில்லை.

திங்கட்கிழமை மூதூர் மாமா வாசலோடு நின்றுகொண்டார்.

“டொக்டர் காலையில ஒண்டும் சாப்பிட வேணாமெண்டிட்டார், தங்கச்சி.”

“அப்ப தேத்தண்ணியாவது குடியுங்கோவன் அண்ணை.”

“அதுவும் வேணாம்.”

அப்பா முதலில் பகிடி பண்ணினார். “காக்கா, மச்சாள் வீட்டில கட்டிப்போட்டாவோ?” என்றார். அம்மா பாணை விட்டுப் புட்டு அவித்தாள், இடியப்பம் அவித்தாள். அவர் வாசலைத் தாண்டவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு, ஜெற்றிக்குப் பக்கத்துக் கடையில் அவர் பராட்டா சாப்பிடுவதை அப்பா கண்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, “டொக்டரும் இல்லை, ஒண்டும் இல்லை” என்றார். அம்மா, “நான் என்ன பிழை விட்டனான்?” என்று கேட்டாள். அதற்குப் பதில் தெரிந்த நான் பக்கத்தில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

மாமாவின் கப்பல் போய்விட்டது. ஆனாலும் மெஷின் புதியது, பெட்டியை உடைத்தவனே நான் என்று அம்மாவுக்குத் தெரியும். நான் பொய் சொன்னேன் என்ற ஒரு வாக்கியம் போதும். அப்பாவின் கைக்குப் பயந்து நான் அதைச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில், “நாலு பொய் சொன்னேன் சுவாமி” என்று மற்ற மூன்றோடு இதையும் சேர்த்துவிட்டேன். சுவாமி பரிகாரமாகச் சொல்லச் சொன்ன மூன்று அருள் நிறைந்த மந்திரத்தோடு எல்லாம் தீர்ந்தது.

சில மாதங்கள் கழித்து, தன் மூத்த மகளின் கலியாணத்துக்குச் சொல்ல மூதூர் மாமா வந்தார். அப்பா அவரை இருக்கச் சொல்லவில்லை.

“எங்கட வீட்டில தண்ணி குடிக்காத ஆளின்ர வீட்டில நாங்கள் எப்பிடிச் சாப்பிடுறது?”

மூதூர் மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு கதவோடு நின்ற என்னைப் பார்த்தார்.

“இந்த வீட்டில பத்து வருசம் சாப்பிட்டிரிக்கன்” என்றார். “அதை நான் மறக்கமாட்டன். நீங்க வராட்டி எனக்குக் கவலைதான்.”

அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் கலியாணத்துக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அப்பா வேறு களஞ்சியத்துக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். சாகும்வரை அந்த மனிதரை நன்றிகெட்டவர் என்றே சொன்னார். அப்பா படுக்கையில் கிடந்தபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. அப்போது எனக்கு முப்பது வயது.

கலியாணத்துக்குச் சொல்ல வந்த அன்று மூதூர் மாமா மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்காமல் திரும்பியபோது, மகன் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்தேன். தப்பிவிட்ட சந்தோசத்தில் தெருவுக்கு விளையாட ஓடினேன். ஆனால் மகன் சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னால், சிநேகிதனுக்கு எதைச் சாப்பிடக் கொடுத்தோம் என்று அப்பா காலமெல்லாம் தலைகுனிய வேண்டிவரும் என்று அவர் நம்பினார். நடக்காத ஒரு குற்றத்துக்காக எங்களை மன்னித்துவிட்டுத்தான் அவர் படியிறங்கிப் போகிறார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.