தில்லையம்பலத்தின் ரோமச் சட்டம்

தில்லையம்பலம் யாழ்ப்பாணத்தில் ஒரு பிறக்கிராசியாரிடம் இருபத்திரண்டு வருடங்கள் எழுதுவினைஞராக இருந்தவர். வழக்குப் பேசுவதும் காணி உறுதிப் பத்திரம் முடிப்பதும் பிறக்கிராசியாரின் வேலை. அவர் வாயால் சொல்வதைப் பிழையில்லாமல் தட்டச்சில் அடிப்பது இவருடைய வேலை. 1984இல் லண்டனுக்கு வந்தபோது இவருக்கு வயது ஐம்பத்தொன்று. மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல் அறையில் குடியிருந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். ரொட்டியைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

பின்னேரங்களில் ஆட்கள் கடதாசிகளோடு வந்தார்கள். அண்ணன் தம்பிக்குள் ஒரு ஒப்பந்தம், பிள்ளைக்கு ஒரு நன்கொடை, பெறாமகளுக்குக் கொடுத்த ஒரு வாக்கு. எதற்கும் அவர் கூலி வாங்கவில்லை. அதற்குப் பதிலாக மரியாதையை எதிர்பார்த்தார், அது கிடைத்தது. ‘நொத்தாரிசு அண்ணை’ என்று அழைத்தார்கள். பத்திரங்களைச் சட்டப்படி அத்தாட்சி செய்யும் நொத்தாரிசு அல்ல அவர். ஒரு தடவைகூட அதைத் திருத்தியதில்லை.

கடதாசி முடிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கொடுப்பவர் எழுந்து நின்று அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாங்குபவர் இரண்டு சாட்சிகளுக்கு முன்னால், “மனமுவந்து ஏற்றுக்கொள்ளுறன்” என்று வாயால் சொல்ல வேண்டும். சிரித்தால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்.

1989இல் பிளேஸ்டோவில் தையற்கடை வைத்திருந்த செபமாலைமுத்து அப்படி எழுந்து நின்று வாசித்தார். தான் கடையை மூடும் நாளில் தன்னுடைய மூன்று தையல் மெசின்களையும் தவநாயகிக்கு இனாமாகத் தருவதாக அந்தக் கடதாசி சொன்னது. தவநாயகி அப்போது ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். கணவன் இல்லை. இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழவருடைய கடையில் வந்து கைகொடுப்பாள்.

அவள் ‘ஏற்றுக்கொள்ளுறன்’ என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்: “அண்ணை, இதை நம்பி வேலையை விடலாமோ?”

“மனசறிஞ்சு குடுத்த வாக்கு. எழுத்திலை இருக்கு. எந்தக் கோட்டுக்குப் போனாலும் செல்லும்,” என்றார் தில்லையம்பலம்.

அவள் வேலையை விட்டாள். கிழவருடைய கடையிலேயே இருந்து, பள்ளிக்கூட உடுப்புத் தைக்கும் ஒப்பந்தம் ஒன்றைத் தன் பெயரில் எடுத்தாள்.

1991 வசந்தத்தில் செபமாலைமுத்துவின் நெஞ்சில் கோளாறு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேர்மிங்காமிலிருந்து மகன் பீற்றர் வந்து, கடையை மூடித் தகப்பனைத் தன்னோடு கூட்டிப்போக முடிவுசெய்தான். மெசின்களுக்கு ஆள் பார்த்துவிட்டான். சனிக்கிழமை காலை அவற்றை ஏற்றிப்போக வான் வண்டி வரும். அதைப் புதன்கிழமை கடைக்கு வந்து சொன்னபோது தவநாயகி கடதாசியைக் காட்டினாள். அவன் ஆத்திரப்படாமல் வாசித்தான். வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தான்.

“அக்கா, லோயரைக் கேட்டனான். இது சும்மா கடதாசியாம். செல்லாது.”

தவநாயகி அன்று பின்னேரமே மனோர் பார்க்குக்கு வந்துவிட்டாள். தில்லையம்பலத்துக்குச் சிரிப்பு வந்தது.

“அவன்ர லோயர் எந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சவனாம்? பயப்பிடாதை பிள்ளை. நாளைக்கு அவன் வந்து மன்னிப்புக் கேப்பான்.”

வியாழன் மதியம் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு சட்ட ஆலோசனை நிலையத்துக்குப் போனார். ஆலோசனை கேட்கப் போகவில்லை. தான் சொல்வது சரி என்று ஒரு தலைப்புத்தாளில் எழுதி வாங்கப் போனார். அங்கே இருந்த வழக்கறிஞர் கிரிஜா மதுரைப் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கடதாசியை இரண்டு தடவை வாசித்தாள்.

“சார், ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. ஆனா இவங்க பதிலுக்கு என்ன கொடுத்தாங்க?”

“ஒண்டும் குடுக்கேல்லை. இனாம்.”

“அப்போ இது வெறும் வாக்குறுதிதான். இந்த ஊர்ல பதிலுக்கு ஒண்ணும் வாங்காமக் கொடுத்த வாக்கைக் கோர்ட் ஏத்துக்காது. பொருளைக் கையில ஒப்படைச்சிருக்கணும், இல்லைன்னா ‘டீட்’னு சொல்லி முறைப்படி எழுதியிருக்கணும். இது ரெண்டும் இல்லை.”

“பிள்ளை, நான் இருபத்திரண்டு வருசம் கோட்டுக் கடதாசியோடை கிடந்தனான். வெள்ளைக்காரன்ர சட்டம் எனக்குத் தெரியும்.”

“எந்த ஊர்க் கோர்ட் சார்?”

“யாழ்ப்பாணம்.”

கிரிஜா பேனாவைக் கீழே வைத்தாள். “சார், அது வெள்ளைக்காரன் சட்டம் இல்லையே. ரோமன்-டச்சுச் சட்டம்.”

அந்தப் பெயரை அவர் நூற்றுக்கணக்கான தடவை தட்டச்சில் அடித்திருந்தார். அடித்தாரே தவிர யோசிக்கவில்லை. நீதிமன்றத்தில் ஆங்கிலம் பேசினார்கள், கறுப்பு அங்கி போட்டார்கள், சுவரில் அரசியின் படம் தொங்கியது. ஆகவே அங்கே நடந்தது இங்கிலாந்தின் சட்டம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவரைப் போன்ற கல்வி பெற்ற எவரும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள்.

நடந்தது வேறு. ரோமர்களின் சட்டத்தை அவர்களுடைய பிற்காலப் பேரரசன் ஒருவன் தொகுக்கச் செய்தான். பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் அந்தத் தொகுப்பைத் தூசி தட்டி எடுத்தன. ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் அதைத் தங்கள் வழக்கங்களோடு கலந்தார்கள், கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர் அதை அப்படியே இருக்க விட்டார்கள். யாழ்ப்பாணத்தின் சொந்த வழக்கச் சட்டமான தேசவழமை பேசாத இடங்களில் அது பேசியது. நல்ல மனதோடு யோசித்துக் கொடுத்த வாக்கு, பதிலுக்கு எதுவும் பெறாவிட்டாலும் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தும் என்பது அந்த வழியில் வந்து சேர்ந்த ஒரு விதி.

ரோமர்கள் லண்டனை ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆண்டார்கள். தில்லையம்பலம் தினமும் பஸ் ஏறும் ரொம்ஃபர்ட் சாலை அவர்கள் போட்ட தடத்தில்தான் போகிறது. அவர்கள் போன பிறகு சாலை நிலைத்தது, சட்டம் நிலைக்கவில்லை. ஒரு ரோமப் படைவீரனும் கால்வைக்காத யாழ்ப்பாணத்தில் அந்தச் சட்டம் ஒரு எழுதுவினைஞரின் விரல்களில் இருந்தது. இதை வைத்து ரோமர்களைப் புகழ வேண்டியதில்லை. வாக்கின் கனத்தை அவ்வளவு நுட்பமாக யோசித்த அதே சட்டம் அடிமையைப் பொருட்களின் வரிசையில் வைத்தது. மனிதர்கள் செய்து வைத்தது செய்தவர்களைவிட நீண்ட நாள் இருக்கிறது என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

“அப்ப அந்தப் பிள்ளை? இதை நம்பி வேலையை விட்டவள். கிழவர் ஆஸ்பத்திரியிலை, சனிக்கிழமை மகன் மெசினுகளை விக்கிறான்,” என்றார் தில்லையம்பலம்.

“அந்த வாக்கை நம்பி வேலையை விட்டாங்கன்னு சொல்லிக் கோர்ட்டுல வாதாடலாம். ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன். சனிக்கிழமைக்குள்ள நடக்கவும் நடக்காது. அந்தப் பெரியவர் நினைவோட இருக்காரா?”

“இருக்கிறார்.”

“அப்போ அவரே புதுசா ஒரு டீட்ல கையெழுத்துப் போட்டாப் போதும். நானே எழுதித் தர்றேன், சாட்சிக்கும் வர்றேன். நாளைக்கு மூணு மணிக்கு?”

அன்று அவர் நேரே தவநாயகியின் வீட்டுக்குப் போனார். பிழை தன்னுடையது என்றார். அவள் தையல் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்: “ரண்டு வருசத்துக்கு முந்தி இதை ஆரிட்டையும் கேட்டிருக்கலாம் தானே, அண்ணை?”

“கேட்டிருக்கலாம்.”

“தேத்தண்ணி போடட்டோ எண்டு கேக்கிற நிலையிலை நான் இல்லை.”

“வேண்டாம் பிள்ளை. நான் வாறன்.”

வெள்ளி மூன்று மணிக்குச் செபமாலைமுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் பீற்றர். மெசின்களை விற்கும் விஷயம் கிழவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவருக்கு முதலில் கோபம் வந்தது மகன்மேல் அல்ல.

“நான் எழும்பி நிண்டு வாசிச்சுக் கையெழுத்து வைச்சனான். இப்ப திரும்பவும் வையெண்டால், தில்லை, நீர் என்னைக் கள்ளன் எண்டுறீரோ?”

“இல்லை அண்ணை.”

“பின்னை?”

“நான் எழுதின கடதாசி பிழை. இந்த நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்.”

 கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். “ஏழு வருசமா ஊர் முழுக்க நிக்கவைச்சு வாசிப்பிச்சீரே ஐசே! சிரிச்சால் திரும்பவும் வாசிக்கச் சொன்னீரே!”

தில்லையம்பலம் சிரிக்கவில்லை.

“அப்பா,” என்றான் பீற்றர், “வாங்கிறவனுக்கு நான் சொல்லிப்போட்டன். நாளைக்கு வான் வருது.”

“நான் அதுக்கு ரண்டு வருசம் முந்திச் சொல்லிப்போட்டன்.”

“அவவுக்குச் சட்டப்படி உரிமை இல்லையப்பா.”

“அதுக்குத்தானே இந்தப் பிள்ளை வந்திருக்கு.”

கிரிஜா பீற்றரையும் தில்லையம்பலத்தையும் வெளியே போகச் சொன்னாள். கிழவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், யாரும் வற்புறுத்தவில்லை என்று தெரிய வேண்டும். இரண்டு பேரும் வெளி நடைவழியில் எதிரெதிராக நின்றார்கள். பீற்றர் அவன் பங்குக்கு நியாயமில்லாதவன் அல்ல. தகப்பனை இனிப் பராமரிக்கப் போகிறவன் அவன்தான்.

“நீங்கள் செல்லாத கடதாசி எழுதினதாலை தானே அங்கிள் எல்லாருக்கும் பிரச்சினை?” என்று கேட்டான்.

“ஓம் தம்பி.”

பத்து நிமிடத்தில் கிரிஜா வந்தாள். கையில் கிழவர் கையெழுத்து வைத்த அரைப்பக்கக் கடதாசி. யாரும் எழுந்து நின்று வாசிக்கவில்லை. சனிக்கிழமை வான் வரவில்லை. பீற்றரே தடுத்துவிட்டான். அடுத்த வாரமே மெசின்கள் தவநாயகியின் முன்னறைக்குப் போயின. அவற்றைத் தூக்கிக்கொடுக்க ஆட்கள் வந்தார்கள். தில்லையம்பலத்தை அவள் கூப்பிடவில்லை.

அதோடு இது முடிந்திருக்கலாம். அவர் செய்த கடதாசிகளின் பிரதிகள் எல்லாம் அவரிடம் இருந்தன. எண்ணிப் பார்த்தார், தவநாயகியுடையது போக முப்பத்தொன்று. அவற்றில் எது செல்லும், எது செல்லாது என்று அவருக்கு இப்போது தெரியாது. ஆகவே எல்லா வீடுகளுக்கும் போக முடிவுசெய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனார். ஈஸ்ட் ஹாம், பிளேஸ்டோ, நோர்தேர்ன் லைனில் டூட்டிங் வரை. கதவு திறந்ததும் சொல்வதைச் சொல்லி, கிரிஜாவின் நிலையத்து விலாசத்தைக் கொடுத்தார். சிலர் சிரித்தார்கள். டூட்டிங்கில் கனகாம்பிகை என்றொரு அம்மா, “அப்ப இவ்வளவு நாளும் எங்களை ஏமாத்திப் பேய்க்காட்டினியளோ?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா. என்னையும் சேர்த்து.”

இது துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. மற்றவர்கள் வந்து கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரமும் அதில் இருந்தது. என்றாலும் போனார். அந்த வருடம் முடிவதற்குள் இருபத்தாறு பேர் கடதாசிகளைத் திரும்ப எழுதிக்கொண்டார்கள். மூன்று பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் கதவைத் திறக்கவில்லை. உள்ளே வெளிச்சம் தெரிந்தது.

அந்த ஐந்து பேருக்கும் அவர் தபாலில் எழுதினார். கடிதத்தில் மூன்று வரிதான். “நான் உங்களுக்கு எழுதித்தந்த கடதாசி இந்த நாட்டில் செல்லாமல் போகலாம். தயவுசெய்து கீழே உள்ள விலாசத்தில் காட்டிக் கேளுங்கள். நான் நொத்தாரிசு அல்ல.” கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.